உங்கள் டயர் எதனால் சாகிறது?

"அண்ணா, பஞ்சரே ஆகக் கூடாது, ஆனா வேகமாவும் ஓடணும். எந்த டயர் போடலாம்?"

புதிதாக ரோடு பைக் வாங்கிய தம்பிகள் ஆறு மாதத்துக்குள் இந்தக் கேள்விக்கு வந்துவிடுகிறார்கள். காலையில் ஈ.சி.ஆரில் ஓட்டிவிட்டு, டீக்கடைச் சுவரில் சைக்கிளைச் சாய்த்ததும் பேச்சு டயருக்குப் போய்விடும். பிராண்டு பெயர் சொல்வதற்கு முன்னால் நான் ஒன்றைத் திருப்பிக் கேட்பேன்: போன டயர் எதனால் போச்சு? பெரும்பாலும் "தேஞ்சு போச்சுண்ணா" என்பார்கள். கழற்றிப் போட்டதைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தால், நடுவில் ரப்பர் நன்றாகத்தான் இருக்கும். பக்கவாட்டில் ஒரு வெட்டு, அதற்குள் நூல் பிரிந்து நிற்கும். அது தேய்ந்து செத்த டயர் இல்லை, வெட்டுப்பட்டுச் செத்தது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

டயர் நன்றாக உழைக்க வேண்டும் என்று சொல்லும்போது நாம் நாலு சங்கதிகளை ஒன்றாகக் கட்டிவிடுகிறோம். ரப்பர் சீக்கிரம் தேயக் கூடாது என்பது ஒன்று. முள்ளும் கம்பியும் கண்ணாடியும் இறங்கக் கூடாது என்பது இன்னொன்று. பக்கச்சுவர் கிழியாமல் இருப்பதும், வெயிலில் காய்ந்து வெடிப்பு விடாமல் இருப்பதும் தனித்தனி. ஒன்றில் கெட்டியான டயர் மற்றதிலும் கெட்டியாக இருக்கும் என்ற கட்டாயம் எதுவும் கிடையாது. ஆகவே உங்கள் டயர்களை வழக்கமாகக் கொல்வது எது என்று தெரிந்துகொண்டால் பாதித் தேர்வு முடிந்துவிட்டது.

டயரின் உடம்பை முதலில் பார்த்துவிடலாம். ரப்பர் என்று நாம் நினைப்பது மேல்தோல்தான். உள்ளே இருப்பது துணி. நைலான் நூல்களை நெருக்கமாக அடுக்கி, ரப்பரில் தோய்த்து, ரிம்மைப் பிடிக்கும் இரண்டு விளிம்புகளுக்கு இடையே மடித்துச் சுற்றியிருப்பார்கள். கேசிங் என்பது அதுதான். காற்றின் அழுத்தம் முழுவதையும் தாங்குவது அந்தத் துணியே. அதற்கு மேலே, சாலையைத் தொடும் நடுப்பகுதியில், பஞ்சரைத் தடுக்கும் பட்டை ஒன்று. அதற்கும் மேலே ரப்பர்.

வேகம் இருப்பது அந்தத் துணியில். டயர் உருளும்போது தரையைத் தொடும் இடம் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது. நசுக்கச் செலவான சக்தி முழுவதும் நிமிரும்போது திரும்பக் கிடைப்பதில்லை. ஒரு பகுதி சூடாகப் போய்விடுகிறது. மெல்லிய, எளிதாக வளையும் டயரில் இந்த இழப்பு குறைவு. தடித்ததில் அதிகம். வேட்டி எடுக்கும்போது நூல் கணக்குப் பார்ப்பதைப் போலத்தான் இங்கும்: நூல் மெல்லிசாக, நெருக்கமாக இருந்தால் துணி துவளும், முரட்டு நூல் என்றால் விறைக்கும். ஒரு அங்குலத்துக்கு எத்தனை நூல் என்பதை டயர்க்காரர்கள் டி.பி.ஐ. என்று அச்சிடுகிறார்கள். இதில் ஒரு கண்ணாமூச்சியும் உண்டு. கான்டினென்டல் தன் ஜி.பி. 5000 டயருக்கு 330 என்று போடுவது, மூன்று அடுக்குகளையும் கூட்டிச் சொல்லும் கணக்கு. ஓர் அடுக்குக்கு 110. விட்டோரியாவின் கோர்ஸா டயரில் 320 என்று இருப்பது பருத்தி சேர்ந்த மெல்லிய நூல். ஷ்வால்பே தன் நல்ல டயர்களிலேயே 67 என்று அடக்கமாகப் போடும். மூன்று நிறுவனத்து எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து எந்தப் பயனும் இல்லை. ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களை ஒப்பிட மட்டும் அந்த எண் உதவும்.

இழப்பு எவ்வளவு என்று கேட்பீர்கள். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில், சோதனை உருளையில் வைத்து அளந்தால் நல்ல ரேஸ் டயர் ஒன்று 10 வாட் பக்கத்தில் தின்னும். கெட்டித்தனத்துக்குப் பேர்போன கான்டினென்டலின் கேட்டர்ஸ்கின் அதைப்போல் இரண்டு மடங்குக்குக் கிட்டே வரும். இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்தால் வித்தியாசம் 20 வாட்டுக்குக் கொஞ்சம் குறைய. நம்மைப் போன்றவர்கள் நாள் முழுக்க மிதிப்பது 150 வாட் அளவில் என்றால், அதில் எட்டில் ஒரு பங்கு. இது சின்ன விஷயம் இல்லை. இலேசான சக்கரம் வேண்டும் என்று ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறவர்கள், விறைத்த டயரைப் போட்டு அந்த லாபத்தை ஒவ்வொரு கிலோமீட்டரிலும் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

இனி அந்தப் பட்டை. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும். சாரத்தில் இரண்டே வகை. ஒன்று நெருக்கமாக நெய்த துணி. 1965இல் டூபான்ட் ஆய்வுக்கூடத்தில் ஸ்டெஃபனி குவோலெக் கண்டுபிடித்த கெவ்லார் இந்த வழியில் பிரபலமானது. ஜி.பி. 5000இல் இருப்பது வெக்ட்ரான். 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தின் காற்றுப்பைகள் இந்த இழையில் செய்தவை. இவற்றால் பட்டை மெல்லிசாகவே இருக்கும், கூரான கண்ணாடித் துண்டையும் நிறுத்தும். இன்னொரு வழி, துணிக்குப் பதில் தடித்த ரப்பர் மெத்தை. ஷ்வால்பே மாரத்தான் ப்ளஸில் 5 மி.மீ. தடிமனில் ஒரு மெத்தை இருக்கிறது. பஞ்சர் என்ற சொல்லே மறந்துபோகும் அளவுக்கு அது காப்பாற்றும். ஆனால் எடை ரேஸ் டயரைப் போல் இரண்டு மடங்குக்கு மேல், மிதிக்கும்போது அந்தக் கனம் காலில் தெரியும். வேலைக்குப் போய்வரும் சைக்கிளுக்கு அருமையான டயர். ரோடு பைக்கில் போட்டால் ரோடு பைக் வாங்கிய காரணமே போய்விடும்.

எதை நிறுத்த வேண்டும் என்பது ஊருக்கு ஊர் மாறும். ஐரோப்பியப் பத்திரிகைகளில் வரும் டயர் விமர்சனங்களில் எதிரி என்றால் பெரும்பாலும் கண்ணாடித் துண்டும் கூரான கல்லும்தான். நம் தெற்குச் சீமையில் முதல் எதிரி முள். விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் சாலையோரம் முழுக்கச் சீமைக்கருவேலம். விறகு வெட்டி ஏற்றிப் போகும் வண்டியிலிருந்து சிதறும் கிளையில் இரண்டு அங்குலம் வரை முள் இருக்கும். நேராக ஏறினால் எந்தப் பட்டையும் உத்தரவாதம் தர முடியாது. அடுத்தது நெருஞ்சி. மஞ்சள் பூவோடு தரையில் படர்ந்து கிடக்கும் அந்தச் செடியின் காய், எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளை மேல்நோக்கி வைத்துக்கொள்ளும். அந்த முள்ளின் நீளம் ரேஸ் டயரின் முழுத் தடிமனைவிட அதிகம். டீ குடிக்க என்று சைக்கிளைத் தார்ச் சாலையிலிருந்து மண்ணில் இறக்கி உருட்டுகிறோமே, அந்த நாலு அடியில்தான் நெருஞ்சி ஏறுகிறது. தூக்கிக்கொண்டு போங்கள். எந்த டயர் மாற்றத்தையும்விட அதில் பலன் அதிகம்.

பெருவழிச் சாலைகளில் எதிரி வேறு. லாரி டயர் வெடித்துச் சிதறும்போது அதன் உள்ளே இருக்கும் எஃகு வலை உதிர்கிறது. தலைமுடி கனத்தில், அரை சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு கம்பித் துண்டு. நெய்த பட்டையின் இழைகளுக்கு நடுவே புகுந்து, உடனே ஒன்றும் செய்யாமல், பல கிலோமீட்டர் கழித்து ட்யூபைத் தொடும். பஞ்சர் ஒட்டிப் போட்ட மறுநாள் அதே இடத்தில் மறுபடி காற்று இறங்குவது இதனால்தான். அதற்கு ஒரு வழி இருக்கிறது. டயரைப் போடும்போதே அதன் பெயர் அச்சிட்ட இடம் வால்வுக்கு நேராக வரும்படி போட்டுவிடுங்கள். பஞ்சர் ஆனதும் ட்யூபைக் கழற்றிக் காற்றடித்து ஓட்டையைக் கண்டுபிடித்து, வால்வுக்கும் ஓட்டைக்கும் எத்தனை சாண் என்று பாருங்கள். டயரில் பெயரிலிருந்து அதே தூரத்தில், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், உள்புறம் விரல் நுனியால் மெதுவாகத் தடவினால் கம்பி சுருக்கென்று தைக்கும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். டயரை வெளிப்பக்கமாக மடித்து, சின்ன இடுக்கியால் பிடுங்கி எடுத்த பிறகுதான் அடுத்த ட்யூப். பஞ்சர் கடையில் இதைச் செய்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது.

மழைக்காலத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நனைந்த ரப்பரைக் கண்ணாடி சுலபமாக அறுக்கும். தண்ணீரே அங்கே எண்ணெய் வேலை செய்கிறது. அதோடு வெள்ளம் சாலை நடுவில் கிடந்த குப்பையை எல்லாம் ஓரத்துக்கு ஒதுக்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளைக் கோட்டுக்கு அப்பால் ஓட்டுகிறவர்களுக்குப் பஞ்சர் கூடுவதில் ஆச்சரியமில்லை.

எத்தனை எதிரி இருந்தாலும், பஞ்சர் பூஜ்யம் என்பதை இலக்காக வைக்க வேண்டாம் என்பதுதான் என் கட்சி. 1891இல் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பந்தயத்தை ஷார்ல் டெரோன் ஜெயித்தது மிஷ்லான் சகோதரர்களின் டயரில். அந்த டயருக்கும் பஞ்சர் ஆகும். ஆனால் அன்றைய மற்ற டயர்களை ரிம்மில் ஒட்டியிருப்பார்கள், பிரித்து ஒட்ட மணிக்கணக்காகும். மிஷ்லான் டயரைக் கழற்றி மாட்டலாம். மறுவருடம் அவர்களே நடத்திய பந்தயத்தில் வழியில் ஆணிகளைத் தூவிவிட்டு, சரிசெய்வது எவ்வளவு சுலபம் என்று காட்டினார்கள். பஞ்சர் ஆகாத டயரை அவர்கள் தேடவில்லை. சீக்கிரம் சரிசெய்யக்கூடிய, வேகமான டயரைத் தேடினார்கள். நூற்று முப்பது வருடத்துக்குப் பிறகும் எனக்கு அதுதான் சரியான அணுகுமுறையாகப் படுகிறது. பத்து நிமிடத்தில் ட்யூப் மாற்றத் தெரிந்தவனுக்கு எப்போதாவது வரும் பஞ்சர் பெரிய விஷயமில்லை. விறைத்த டயரின் சுமையோ ஒவ்வொரு நாளும் உண்டு.

விதிவிலக்கு இருக்கிறது. ப்ரெவே என்னும் நேரக்கெடு வைத்த நெடுந்தூர ஓட்டத்தில் 200 கி.மீ. ஓட்டுகிறவருக்கு 13½ மணி நேரம்தான். 600 கி.மீ. என்றால் இரவில், மழையில், யாருமில்லாத சாலையில், கை நடுங்கும் களைப்பில் டயரைக் கழற்ற வேண்டியிருக்கும். அவர் கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்துக் கெட்டித்தனத்தை வாங்குவது நியாயம். தனியாக அதிகாலையில் ஓட்டும் பெண்கள் பலர், வழியில் நிற்க வேண்டாம் என்பதற்காகவே கெட்டி டயர் போடுகிறார்கள். அந்தக் கணக்கை வாட்டில் போட்டுப் பார்க்கக் கூடாது.

டயரின் வகையை மாற்றாமலே ஆயுளைக் கூட்டும் வழி ஒன்று உண்டு: அகலம். இதை நான் அழுத்திச் சொல்வேன். ஒரு காலத்தில் ரேஸ் டயர் என்றால் 23 மி.மீ.தான்; ஒடுக்கமாக இருந்தால்தான் வேகம் என்று எல்லோரும் நம்பினார்கள். அளந்து பார்த்தபோது கதை மாறியது. ஒரே டயரின் இரண்டு அகலங்களில் ஒரே காற்றழுத்தம் வைத்தால் அகலமானதுதான் இலேசாக உருளும், ஏனெனில் தரையில் படும் இடம் நீளத்தில் குறைந்து, அகலத்தில் விரிகிறது. டயர் நசுங்குவது குறைகிறது. டூர் டி பிரான்ஸில் இன்று 28 மி.மீ. சர்வ சாதாரணம். நமக்கு இதில் கூடுதல் லாபம்: உள்ளே காற்றின் கொள்ளளவு அதிகம் என்பதால் அழுத்தத்தைக் குறைத்து ஓட்டலாம். குறைந்த அழுத்தத்தில் டயர் கல்லின்மேல் வளைந்து போகும், கல்லைத் தன்மேல் குத்தவிடாது. பள்ளத்தில் இறங்கி ரிம்முக்கும் சாலைக்கும் இடையே ட்யூப் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் இரண்டு ஓட்டை விழுகிறதே, அதுவும் குறையும்.

எவ்வளவு காற்று? பக்கச்சுவரில் அச்சிட்ட எண் உச்சவரம்பு, அத்தனையும் அடிக்க வேண்டும் என்ற கட்டளை இல்லை. 70 கிலோ ஆளுக்கு 25 மி.மீ. டயரில் பின்னால் 80, 85 பி.எஸ்.ஐ. போதும், 28 என்றால் 70ஐச் சுற்றி. முன்னால் ஐந்தாறு குறைத்துக்கொள்ளலாம். ஹுக்லெஸ் எனப்படும் கொக்கியில்லாத ரிம்மாக இருந்தால் 72.5 பி.எஸ்.ஐ. என்பது தாண்டக் கூடாத கோடு. அதில் விளையாட்டு வேண்டாம். கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பது இந்த அழுத்தங்களில் பொய் சொல்லும். அளவுமானி வைத்த பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும், வாரம் ஒருமுறையாவது பாருங்கள். இந்த அளவுக்கும் கீழே காற்றுக் குறைவாக ஓட்டுவதுதான் பக்கச்சுவரைச் சீக்கிரம் தளர்த்தும்.

"பட்டன் இல்லாத வழுவழு டயர் மழையில வழுக்காதா?" என்று கேட்காதவர் இல்லை. வழுக்காது. கார் டயருக்குப் பள்ளங்கள் தேவை, அகலமான டயருக்கு அடியில் தண்ணீர் மாட்டிக்கொள்ளும் என்பதால். சைக்கிளின் பின் டயரில் 45 கிலோ இறங்குகிறது, அழுத்தம் 80 என்றால், தரையைத் தொடும் இடம் மொத்தம் 8 சதுர சென்டிமீட்டர்தான். விமான டயர்களுக்காகப் போட்ட கணக்கை வைத்துப் பார்த்தால், அந்த அழுத்தத்தில் டயர் தண்ணீர்மேல் மிதக்க மணிக்கு 150 கி.மீ. வேண்டும். ஈரத்தில் பிடிமானத்தைத் தீர்மானிப்பது ரப்பரின் கலவை. மலிவான டயர்கள் நீண்ட நாள் தேயாமல் இருப்பதற்குக் காரணம், ரப்பர் கடினமானது. அதே கடினம்தான் ஈரமான வெள்ளைக் கோட்டின்மேல் சறுக்கவும் வைக்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் தூறலோடு இறங்கிப் பார்த்தவர்கள், முன் டயரில் ரப்பர் ஆயுளைப் பெரிதாக நினைக்க மாட்டார்கள்.

ட்யூப்லெஸ் பற்றியும் கேட்கிறார்கள். முள் அதிகமுள்ள ஊர்க்காரருக்கு, உள்ளே ஓட்டையை அடைக்கும் பால் (சீலன்ட்) ஊற்றிய ட்யூப்லெஸ்தான் சிறந்த பதில் என்று தயங்காமல் சொல்வேன். நெருஞ்சி குத்தினால் பால் கசிந்து தானே அடைத்துக்கொள்ளும். நம் வெயிலில் அந்தப் பால் சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பராமரிப்பில் பொறுமையில்லாதவர்களுக்குச் சாதாரண ட்யூபே மேல்.

சரி, பெயர் சொல்லுங்கள் என்றால்: பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது நடுவகுப்பு. ரேஸ் டயரின் துணி, அதன்மேல் கொஞ்சம் கூடுதல் காப்பு. கான்டினென்டலின் 4 சீசன் இந்த வகை: மெல்லிய கேசிங், வெக்ட்ரான் பட்டை இரண்டு, பக்கச்சுவருக்கும் பாதுகாப்புத் துணி. விட்டோரியாவின் ரூபினோ ப்ரோ விலையில் இறங்கிவரும், நன்றாக உழைக்கும். பந்தயம் ஓட்டுகிறவர், சாலை சுத்தமாக உள்ள ஊர்க்காரர், ஜி.பி. 5000 போடலாம்; ஒரு ஜோடியின் விலை ஒரு சாதாரணச் சைக்கிளின் விலையைத் தொடும் என்றாலும் அந்த ஓட்டம் வேறு எதிலும் வராது. கேட்டர்ஸ்கின்னை நான் சிபாரிசு செய்வது, பக்கச்சுவர் வெட்டுப்பட்டே டயரை இழக்கிறவர்களுக்கு மட்டும். அதன் உண்மையான பலம் பக்கச்சுவரில் விளிம்பிலிருந்து விளிம்புவரை போகும் காப்புத் துணி. நடுவில் ஏறும் முள்ளுக்காக அதை வாங்குகிறவர்கள்தான் ஏமாற்றமடைகிறார்கள்.

வாங்கிய பிறகு பின் டயரைக் கவனியுங்கள். பாரமும் மிதியும் அங்கேதான் இறங்குவதால் அது முன்னதைவிட இரண்டு மடங்கு வேகத்தில் தேயும். ரேஸ் டயரென்றால் 3,000 முதல் 5,000 கி.மீ. வரை எதிர்பார்க்கலாம். வட்டமாக இருந்த முதுகு தட்டையாகும். கான்டினென்டல் டயர்களில் இரண்டு சின்னக் குழிகள் இருக்கும், அவை மறைந்தால் காலம் முடிந்தது. நூல் தெரியும்வரை ஓட்ட வேண்டாம். அதற்கு முன்பே காப்புப் பட்டை தன் வேலையை விட்டிருக்கும். மாற்றும்போது புதியதைப் பின்னால் போடுவது பலருடைய வழக்கம். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். முன் டயர் போனால் கீழே விழுவது நிச்சயம், பின் டயர் போனால் பெரும்பாலும் சமாளித்து நிற்கலாம். ஆகவே முன்னால் இருப்பதைப் பின்னால் தள்ளிவிட்டு, புதியதை முன்னால் போடுங்கள். சைக்கிளை மொட்டை மாடியில் வெயிலில் நிறுத்துகிறவர்கள் பக்கச்சுவரில் மெல்லிய வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். ரப்பர் எவ்வளவு மிச்சமிருந்தாலும் வெடிப்பு விட்ட டயரை மலைப் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

கடைக்குக் கிளம்பும் முன் இரண்டு வேலை. ஃபிரேமிலும் பிரேக்கிலும் டயருக்கு இரண்டு பக்கமும் குறைந்தது 4 மி.மீ. இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ரிம் பிரேக் சைக்கிள்கள் சிலவற்றில் 28 நுழையாது, 25 தான். பிறகு, இப்போது இருக்கும் டயரின் பக்கச்சுவரில் 25-622 என்பதுபோல் ஒரு எண் இருக்கும். முதலாவது அகலம், இரண்டாவது டயர் உட்காரும் ரிம்மின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். அந்த 622ஐ எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். நம்முடைய பழைய பெரிய சைக்கிள்கள் ஓடுவதும் '28' டயரில்தான், ஆனால் அந்த 28 இஞ்ச் கணக்கு, அவற்றின் விட்டம் 635. தெருமுனைக் கடையில் வெறுமனே "28 டயர்" என்று கேட்டால் அதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அது உங்கள் ரிம்மில் நிற்காது.